என்கொயரிக்குத் தனியாகப் போகிறீர்களா? சாட்சியைக் கேட்கும் முன் இதைப் படியுங்கள்

சார்ஜ் மெமோவை, அதாவது கம்பெனி கொடுக்கும் குற்றச்சாட்டுக் கடிதத்தை, கையில் வாங்கி, அதன்மேல் கம்பெனி நடத்தும் என்கொயரிக்கு (விசாரணைக்கு) நிற்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, வேலை போயிடுமா?" அடுத்து ஒன்று கேட்க வேண்டும், அதை யாரும் கேட்பதில்லை: "அங்க நான் பேசறதை யாருண்ணே எழுதறாங்க?"

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பழைய வட ஆற்காடு முழுக்கத் தோல் கம்பெனியும் ஷூ கம்பெனியும்தான். மாவட்டத்தை 1989-ல் ஒரு தடவை பிரித்தார்கள், 2019-ல் இன்னொரு தடவை பிரித்தார்கள். எந்த மாவட்டமானாலும் என்கொயரி அறை ஒரே மாதிரிதான் இருக்கிறது: ஒரு மேசை, நாலைந்து நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஆறிப்போன டீ. நான் வக்கீல் இல்லை. கம்பெனியில் இருந்த காலத்தில் கூட வேலை செய்தவர்களுக்குத் துணையாக அந்த மாதிரி அறைகளில் நிறைய நாள் உட்கார்ந்திருக்கிறேன். சங்கம் இல்லாத கம்பெனியில், வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாமல், தானே பேசியாக வேண்டும் என்று நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரசு ஊழியர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ) என்று தனி வழி உண்டு. விதிகள் வேறு, ஆனால் சாட்சியைக் கேட்கிற வித்தை ஒன்றுதான். பாலியல் தொல்லைப் புகார் என்றால் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு விசாரிக்கும். அங்கே நடைமுறை வேறு, இதை வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

யாருக்காகப் பேசுகிறீர்கள்

விசாரணை அதிகாரியைப் பேசிக் கரைத்துவிடலாம் என்ற நினைப்போடு போகிறவர்களே அதிகம். அவரை நியமித்தது நிர்வாகம், ஃபீஸ் கொடுப்பதும் நிர்வாகம். அது ஒன்றை மட்டும் காட்டி அவர் பாரபட்சமானவர் என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே அந்தச் சண்டையை முதல் நாளே போட்டு மூச்சை வீணாக்க வேண்டாம். ஆனால் அவரே சம்பவத்தைப் பார்த்த சாட்சியாகவோ, புகார் கொடுத்தவராகவோ இருந்தால் கதை வேறு. அப்போது உடனே எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள்.

உங்கள் பேச்சைக் கேட்க வேண்டியவர் அந்த அறையிலேயே இல்லை. நாளைக்குத் தொழிலாளர் நீதிமன்றத்திலோ அதற்கும் மேலேயோ, உங்கள் முகத்தைப் பார்த்தே இராத ஒருவர் இந்தக் காகிதக் கட்டைப் பிரித்துப் படிப்பார். காகிதத்தில் ஏறியது மட்டும்தான் அவருக்குத் தெரியும். நீங்கள் அழுதது ஏறாது. சாட்சி திக்கித் திணறியது ஏறாது. நீங்கள் மேசையைத் தட்டியது மட்டும் எப்படியோ ஏறிவிடும்.

மெமோ வந்த நாளிலிருந்து

மெமோவை வாங்க மாட்டேன் என்று மறுக்காதீர்கள். மறுத்தால் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், பேப்பரில் போடுவார்கள். கடைசியில் நீங்கள் ஓடி ஒளிந்த மாதிரி ஆகும். வாங்கிக்கொண்டு, வாங்கிய தேதியை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

குற்றச்சாட்டில் நாள், நேரம், இடம், என்ன செய்தீர்கள் என்பது தெளிவாக இருக்கிறதா பாருங்கள். 'மேலதிகாரிகளிடம் அடிக்கடி மரியாதைக் குறைவாக நடந்துகொள்கிறீர்' என்று மொட்டையாக இருந்தால், என்றைக்கு, யாரிடம், என்ன சொல்லி என்று விவரம் கேட்டு எழுதுங்கள். கூடவே ஆவணங்களின் நகலையும் சாட்சிகளின் பட்டியலையும் கேளுங்கள். சாட்சிகள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இருந்தால் அதன் நகல் விசாரணைக்குக் குறைந்தது 2 நாள் முன்னால் தொழிலாளி கையில் இருக்க வேண்டும் என்று 1960-களிலேயே ஒரு பஞ்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அன்று காலை மேசையில் வைத்து நீட்டினால், "படித்துத் தயாராக நேரம் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துத் தேதி வாங்குங்கள்.

சஸ்பெண்ட் செய்திருந்தால், அந்தக் காலத்தில் பிழைக்கக் கொடுக்க வேண்டிய பிழைப்பூதியம் உங்கள் உரிமை. முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம். அதற்கு மேல் இழுத்தால், இழுத்தது நீங்கள் இல்லையென்றால், குறைந்தது முக்கால் சம்பளம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, சஸ்பெண்ட் செய்த நாளிலிருந்து பொதுவாக 90 நாளுக்குள் விசாரணையை முடிக்கச் சொல்கிறது.

இந்தப் பிழைப்பூதியம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. கோலார் தங்கவயலோடு தாத்தா காலத்து உறவுள்ள குடும்பங்கள் வட ஆற்காட்டில் ஏராளம். அந்தச் சுரங்க நிறுவனத்தில் ஒரு பாதுகாப்பு அதிகாரியை சஸ்பெண்ட் செய்தார்கள். பிழைப்பூதியம் கொடுக்கவில்லை. அவர் இருந்தது கேரளாவில். கையில் காசில்லாமல் விசாரணைக்கு வர முடியவில்லை. அவர் இல்லாமலே விசாரித்து வேலையை விட்டு நீக்கினார்கள். 1999-ல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணை செல்லாது என்று சொல்லி அவரைத் திரும்ப வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. அதனால் பணம் வராத ஒவ்வொரு மாதமும் ஒரு கடிதம் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, நாமும் போகாமல் இருந்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். உடம்பு சரியில்லை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ வேறெங்கோ காட்டிச் சான்று வாங்கி, அந்தத் தேதிக்கு முன்னாலேயே அனுப்பித் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு தடவை போகாவிட்டால், நீங்கள் இல்லாமலே முடித்துவிடுவார்கள். பாதியில் கோபித்துக்கொண்டு வெளியே வருவதும் அதே கணக்குதான்.

முதல் நாள்

மூன்று விஷயங்களை அன்றே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஒன்று, மொழி. ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "எனக்குத் தமிழ்தான் தெரியும், தமிழில் எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். இரண்டு, துணை. கூட வேலை செய்கிற ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். வக்கீல் வைத்துக்கொள்ள எல்லாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் நிர்வாகத் தரப்பில் வழக்கை நடத்துகிறவர் சட்டம் படித்துத் தேர்ந்தவராக இருந்தால், உங்களுக்கும் வக்கீலை அனுமதிக்க வேண்டும் என்று 1982-ல் பம்பாய்த் துறைமுக வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார், என்ன படித்தவர் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று, ஒரு சாட்சி பேசும்போது மற்ற சாட்சிகள் அறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

முதல் சாட்சியாக உங்களையே உட்கார வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குற்றம் சொன்னவர்கள்தான் முதலில் நிரூபிக்க வேண்டும். 1963-ல் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வழக்கில் இதேதான் நடந்தது. சாட்சிகளை அவர்கள் எதிரில் விசாரிக்காமல், தொழிலாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி மட்டும் கேட்டு முடித்துவிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தனக்கு எதிரான சாட்சியத்தைக் கேட்கவும், அந்தச் சாட்சியிடம் குறுக்குக் கேள்வி கேட்கவும் வாய்ப்புத் தர வேண்டும். அதுதான் அடிப்படை என்றது உச்ச நீதிமன்றம். இயற்கை நீதி என்று பெரிய வார்த்தையில் சொல்வதும் அதைத்தான்.

வீட்டுப்பாடம்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு சாட்சிக்கு ஒரு பக்கம். நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் அவர் எழுதிக் கொடுத்ததை வரிவரியாக எழுதுங்கள். வலது பக்கம் அதோடு ஒட்டாதவற்றை எழுதுங்கள்: வருகைப் பதிவு, கேட் பதிவு, புரொடக்‌ஷன் ஷீட், இன்னொரு சாட்சி சொன்னது, உங்கள் கண்ணால் பார்த்தது. இரண்டு பக்கமும் முட்டிக்கொள்கிற இடத்தில்தான் கேள்வி பிறக்கும். முட்டாத இடத்தில் கேட்காதீர்கள். எல்லா வரிக்கும் ஒரு கேள்வி கேட்டே தீருவேன் என்கிறவர், சாட்சி சொன்னதையே அவர் வாயால் இன்னொரு தடவை அழுத்திச் சொல்ல வைத்துவிட்டு வருவார்.

கேமரா பதிவை நம்பி வழக்கு என்றால் அதன் நகலைக் கேளுங்கள். அதை எடுத்தவர் யார், எந்தத் தேதியில் எடுத்தார், முழுசாக இருக்கிறதா, வெட்டி எடுத்த துண்டா என்று எழுதி வையுங்கள். ஒரு காகிதத்தை மேசையில் வைத்தால் மட்டும் அது நிரூபணம் ஆகிவிடாது. அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்த ஒருவர் வந்து சொல்ல வேண்டும்.

'காதால் கேட்டதுதானே, செல்லாது' என்று சினிமா பார்த்த தைரியத்தில் எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. சாட்சியச் சட்டம் இந்த அறைக்குள் அப்படியே வராது. 1977-ல் ஹரியானாவில் ஒரு பஸ் கண்டக்டர் வழக்கு. டிக்கெட் இல்லாமல் இருந்த பயணிகளில் ஒருவரைக்கூடச் சாட்சியாகக் கூப்பிடவில்லை. சோதனைக்கு வந்தவர் சொன்னதே போதும் என்றது உச்ச நீதிமன்றம். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற கிரிமினல் கோர்ட் கணக்கும் இங்கே இல்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான் தராசு. போலீஸ் கேஸும் சேர்ந்து ஓடுகிறது என்றால், இங்கே வாயைத் திறக்கும் முன்னால் ஒரு வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி

நிர்வாகத் தரப்புக்காரர் தன் சாட்சியை முதலில் விசாரிப்பார். அப்போது குறுக்கே பேசாதீர்கள், எழுதுங்கள். பிறகு உங்கள் முறை. அதுதான் குறுக்கு விசாரணை. அவர் தன் சாட்சியிடம் "என்ன நடந்தது?" என்று கேட்பார். நீங்கள் அப்படிக் கேட்கக் கூடாது. உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்க வேண்டும். சாட்சிக்கு ஆமாம், இல்லை என்ற இரண்டே வேலை.

பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் வந்து போகும் ஒரு தங்கச்சி. ஸ்டிச்சிங் லைன். சூப்பர்வைசரைத் தகாத வார்த்தை சொல்லித் திட்டி, பண்டலை அவர் மேல் வீசியதாக மெமோ. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்டது முழுக்க அவர்தான்.

"சார், சம்பவம் செவ்வாய்க்கிழமை காலைல 11 மணிக்குன்னு சொல்லியிருக்கீங்க?"

"ஆமா."

"அன்னிக்கு ஷிப்ட் முடியற வரைக்கும் நான் அதே லைன்லதான் வேலை செஞ்சேன்?"

"ஆமா."

"புதன், வியாழன் ரெண்டு நாளும் வந்தேன். நீங்கதான் எனக்கு பண்டல் குடுத்தீங்க?"

"ஆமா."

"ஓவர்டைம் காசு வரலைன்னு நான் ஹெச்.ஆர்.ல எழுதிக் குடுத்தது வியாழக்கிழமை மத்தியானம். அது உங்களுக்குத் தெரியும்?"

"கேள்விப்பட்டேன்."

"நீங்க புகார் குடுத்தது வெள்ளிக்கிழமை காலைல?"

"ஆமா."

அதோடு நிறுத்திவிட்டார். எனக்கே உள்ளுக்குள் அரித்தது: ஏன் மூணு நாள் கழிச்சுக் குடுத்தீங்கன்னு கேளும்மா! நல்லவேளை, அவர் கேட்கவில்லை. 'ஏன்' என்று கேட்டிருந்தால், "மேனேஜர் ஊர்ல இல்ல, அதான்" என்று ஒரு பதில் வந்து, அடுக்கி வைத்த ஐந்து பதிலையும் மூடியிருக்கும். கேள்வியில் ஏன், எப்படி, எதனால் என்று வந்தாலே, சாட்சி கையில் மைக்கைக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த ஐந்து பதிலையும் படிக்கிறவர் 'ஏன்' என்பதைத் தானாகவே கேட்டுக்கொள்வார்.

எனக்கு இது வந்தது பட்ட பாட்டினால். வேறொரு கம்பெனி, ராத்திரி ஷிப்ட், காம்பவுண்டு ஓரமாகத் தோல் துண்டுகளைக் கொண்டுபோனதாக வழக்கு. வாட்ச்மேன் சாட்சி. முகம் தெரியவில்லை என்பதைத் தொழிலாளி அருமையாக வாங்கிவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்புறம் எப்படி நான்தான்னு சொல்றீங்கன்னு கேளுய்யா" என்று காதில் ஓதினேன். அவரும் கேட்டார். "மூஞ்சி இன்னாத்துக்கு சார்? பதினஞ்சு வருசமா பாத்துக்கினு கீறேன், அவுருக்கு வலது கால் லேசா இழுக்கும். நடையப் பாத்தே சொல்லிடுவேன்." விசாரணை அறிக்கையில் அந்த ஒரு பதிலுக்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

பதில் தெரியாத கேள்வியைக் கேட்கவே கூடாதா என்றால், ஒரு விலக்கு உண்டு. எந்தப் பதில் வந்தாலும் உங்களுக்கு நஷ்டமில்லை என்றால் கேளுங்கள். அந்தத் தங்கச்சியின் வழக்கில் மூன்று சாட்சிகளின் வாக்குமூலமும் ஒரே மாதிரி டைப் செய்தவை. மூன்றிலும் 'வார்த்தை' என்பது 'த்' விட்டுப்போய் 'வார்தை' என்று இருந்தது. அவர் ஒவ்வொரு சாட்சியிடமும் கேட்டார்: "அக்கா, இதை டைப் பண்ணது நீங்களா, ஹெச்.ஆர்.லயா?" தான் என்று சொன்னால், மூன்று பேரும் ஒரே எழுத்தை எப்படி விட்டார்கள் என்ற கேள்வி தானே எழும். ஹெச்.ஆர். என்று சொன்னால், அது அவர் வாக்குமூலமே இல்லை. வந்த பதில்: "அங்க டைப் பண்ணி வச்சிருந்தாங்க, கையெழுத்துப் போடச் சொன்னாங்க."

அவர் 'அக்கா' என்று கூப்பிட்டதையும் கவனியுங்கள். சாட்சிக்கு வந்தவரும் நாளைக்கு அதே வேனில் வர வேண்டியவர், அவருக்கும் அடுப்பு எரிய வேண்டும். "பொய் சொல்றியே, நல்லா இருப்பியா" என்று கேட்டால் அவர் இறுகிப்போய் நிர்வாகத்தின் பக்கமே சாய்வார். மரியாதையாகக் கேட்டால் பாதி உண்மையாவது வெளியே வரும்.

கடைசியில், உங்கள் தரப்புக் கதை என்னவோ அதைச் சாட்சியின் முகத்துக்கு எதிரே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். "நான் ஓவர்டைம் காசு கேட்டதால்தான் இந்தப் புகாரைக் கொடுத்தீர்கள் என்கிறேன்." அவர் இல்லை என்றுதான் சொல்வார், சொல்லட்டும். இதைச் சொல்லாமல் விட்டால், பிற்பாடு நீங்கள் அதைச் சொல்லும்போது, "சாட்சியிடம் இதைக் கேட்கவே இல்லையே, இப்போது ஜோடிக்கிறார்" என்பார்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டாலோ, 'குறுக்கு விசாரணை இல்லை' என்று மூன்று வார்த்தையில் எழுதி முடிப்பார்கள். சாட்சி சொன்னது அத்தனையும் மறுப்பே இல்லாமல் நிற்கும்.

எழுத்தில் ஏற்றுவது

பதிவு செய்கிற தமிழ் புதியவர்களைக் குழப்பும். உங்கள் கேள்வியையும் சாட்சியின் பதிலையும் சேர்த்து ஒரே வாக்கியமாக எழுதுவார்கள்: 'நான் வெள்ளிக்கிழமைதான் புகார் கொடுத்தேன் என்று சொன்னால் சரிதான்.' 'காழ்ப்புணர்ச்சியால் புகார் கொடுத்தேன் என்று சொன்னால் சரியல்ல.' முதலாவது ஒத்துக்கொண்டது, இரண்டாவது மறுத்தது. கோர்ட்டில் காலங்காலமாக வருகிற நடை, அதில் சூது ஒன்றுமில்லை. ஆனால் சரிதானுக்குப் பதில் சரியல்ல விழுந்துவிட்டால் வழக்கே தலைகீழ். முக்கியமான இடங்களில் கேள்வி, பதில் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

சாட்சி யோசிக்கும்போது நிர்வாகத் தரப்புக்காரர் எடுத்துக் கொடுத்தால், சண்டை போடாமல், "சாட்சிக்குப் பதிலாக இவர் பதில் சொன்னார் என்று எழுதுங்கள் சார்" என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் கேள்வியை அனுமதிக்க முடியாது என்றால், "சரி சார், கேள்வியை எழுதி, அனுமதி இல்லை என்றும் எழுதுங்கள்." எழுத மறுத்தால், வீட்டுக்கு வந்ததும் நடந்ததை ஒரு தாளில் எழுதி அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை நோட்டில் ஒட்டுங்கள்.

ஒவ்வொரு பக்கமாகப் படித்த பிறகே கையெழுத்து. படிக்க வராது என்றால் படித்துக் காட்டச் சொல்லி, 'படித்துக் காட்டப்பட்டது' என்று எழுதச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆகிவிட்டது, வேன் போய்விடும், எல்லாரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்திருப்பார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் ஆட்கள் தோற்கிறார்கள். தப்பாக இருந்தால், 'இந்தப் பதில் சாட்சி சொன்னபடி இல்லை' என்று கையெழுத்துக்கு மேலேயே எழுதுங்கள். அன்றன்றைய நகலை அன்றன்றே வாங்குங்கள்.

அதற்குப் பிறகு

உங்கள் சாட்சிகளைக் கூப்பிட உங்களுக்கும் வாய்ப்பு உண்டு. வேலையில் இருக்கிறவர்கள் வரப் பயப்படுவார்கள். அவர்களை விடுவித்து அனுப்பும்படி விசாரணை அதிகாரிக்கு எழுதுங்கள். நீங்களே சாட்சி சொன்னால் உங்களையும் குறுக்கு விசாரணை செய்வார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் போதும்.

விசாரணை முடிந்ததும் நேரே தண்டனைக்குப் போகக் கூடாது. குற்றம் நிரூபணம் என்று அறிக்கை வந்தால், அதன் நகலை முதலில் உங்களுக்குக் கொடுத்து, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 1993-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது இது. அந்தப் பதிலில் ஆவேசம் வேண்டாம். எந்தப் பக்கத்தில், எந்தச் சாட்சி, என்ன ஒத்துக்கொண்டார், அறிக்கையில் அது எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். தண்டனை கடுமை என்று தோன்றினால் உங்கள் பழைய சர்வீஸ் விவரத்தையும் இதிலேயே சேருங்கள்.

வேலையை விட்டு நீக்கிவிட்டால் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987 சட்டப்படி பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிலாளர்கள் எல்லாருக்கும் அங்கே இலவச சட்ட உதவி கேட்க உரிமை உண்டு. போகும்போது காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு தாள் வையுங்கள்: மெமோ என்றைக்கு, பதில் என்றைக்கு, எந்தெந்தத் தேதியில் விசாரணை, எந்தச் சாட்சி எந்தப் பக்கத்தில். அங்கே உட்கார்ந்திருக்கும் வக்கீல் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.